பக்கத்து வீட்டு வேப்பங்கிளை எங்கள் மதிலில் விழுந்தது: செலவு யாருடையது, விறகு யாருடையது?

கேள்வி: செம்மண்டலத்தான், கடலூர்
20 டிசம்பர் 2024

அனைவருக்கும் வணக்கம். நாங்கள் செம்மண்டலத்தில் பதினேழு ஆண்டுகளாகக் குடியிருக்கிறோம். எங்கள் வீட்டுக்கும் மேற்கே உள்ள வீட்டுக்கும் நடுவில் ஒரு ஹாலோபிளாக் மதில் இருக்கிறது. அது எங்கள் செலவில், எங்கள் மனைக்குள் ஒன்பது அங்குலம் தள்ளிக் கட்டியது. மதிலுக்கு அப்பால் இரண்டடி தொலைவில் அவர்களுடைய வேப்பமரம் நிற்கிறது. அந்த வீட்டு அண்ணன் பணி ஓய்வு பெற்றவர். அவருடைய தாயார் எண்பதைக் கடந்தவர். அந்த அம்மா மரத்துக்கு மஞ்சள் துணி சுற்றி வெள்ளிக்கிழமைதோறும் விளக்கேற்றுகிறார், ஆடியில் கூழ் ஊற்றுவதும் அதனடியில்தான். ஆகையால் அந்த மரத்தில் கத்தி படுவதென்றால் அந்த வீட்டில் அது சிறிய பேச்சாக இருக்காது.

நவம்பர் 30ஆம் தேதி இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரை கடந்தபோது மரம் தப்பியது. விடிந்து பார்த்தபோது, எங்கள் பக்கம் நீண்டிருந்த பெரிய கிளை அடிமரத்தோடு சேரும் கவையில், விரல் நுழையும் அளவுக்கு வாய் பிளந்திருந்தது. டிசம்பர் 4ஆம் தேதி அதைப் படமெடுத்து அண்ணனுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பி, இது எங்கள் கொட்டகை மேல்தான் வரும் போலிருக்கிறது, ஆள் வைத்து இறக்கிவிடுங்கள் என்று எழுதினேன். "ஆள் கிடைக்கவில்லை தம்பி, எல்லாரும் புயல் வேலைக்குப் போயிருக்கிறார்கள், பார்க்கிறேன்" என்று பதில் வந்தது. டிசம்பர் 12ஆம் தேதி மதியம், காற்றே இல்லாமல் மழை மட்டும் பெய்துகொண்டிருந்த நேரத்தில் கிளை முறிந்து விழுந்தது.

மதிலில் எட்டடி நீளத்துக்கு மேல் இரண்டு வரிசைக் கற்கள் பெயர்ந்துவிட்டன. ஸ்கூட்டர் நிறுத்தும் தகரக் கொட்டகையில் மூன்று தகடுகள் மடங்கின. கம்பத்திலிருந்து வரும் மின்கம்பியும் அறுந்தது. அதை மின்வாரியத்தார் அன்று மாலையே சரிசெய்துவிட்டார்கள். மதிலுக்கு மேஸ்திரி 13,500 ரூபாய் சொல்கிறார், கொட்டகைக்கு 9,200 ஆகும், கிளையை அறுத்து அப்புறப்படுத்த நான் கொடுத்த கூலி 4,500. மொத்தம் 27,200.

பாதியையாவது கொடுங்கள் என்று கேட்டதற்கு அண்ணன், "புயல் தெய்வச் செயல், அதற்கு நான் எப்படிப் பொறுப்பாவேன்?" என்கிறார். அதோடு விடாமல், அவர் மரத்து விறகை அவரைக் கேட்காமல் விற்றுவிட்டதாகவும், அதுவே பன்னிரண்டாயிரம் பெறும் என்றும் தெருவில் சொல்லியிருக்கிறார். உண்மையில் நான் எதையும் விற்கவில்லை. அறுக்க வந்தவர்கள் முதலில் 7,000 கேட்டார்கள். விறகை எடுத்துக்கொள்ள விட்டால் 4,500 போதும் என்றார்கள். வழியை அடைத்துக் கிடந்ததால் சரி என்றேன்.

இப்போது என் சந்தேகங்கள் மூன்று. செலவை அவர் ஏற்க வேண்டுமா? விறகு விஷயத்தில் நான் செய்தது தவறா? மரத்தின் இன்னொரு பெரிய கிளையும் எங்கள் பக்கமே சாய்ந்திருக்கிறது, அதற்கு என்ன வழி? பதினேழு ஆண்டுகளில் ஒரு சொல் தடித்ததில்லை என்பதால்தான் காவல் நிலையம் போகாமல் இங்கே கேட்கிறேன்.

பதில்: கெடிலக்கரை எழுத்தர்
20 டிசம்பர் 2024

ஐயா, நான் வழக்கறிஞர் அல்லன். மஞ்சக்குப்பத்தில் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் நெடுங்காலம் எழுத்தராக இருந்தவன். எல்லைத் தகராறும் மரத் தகராறும் நிறையப் பார்த்திருக்கிறேன் என்ற அளவில் சொல்கிறேன்.

உங்கள் விஷயத்தில் தீர்மானிக்கிற தேதி நவம்பர் 30 அல்ல, டிசம்பர் 4. நல்ல நிலையில் நின்ற மரம் புயலில் முறிந்து விழுந்தால், அதன் சொந்தக்காரர் மீது பொறுப்பைச் சுமத்துவது கடினம். அண்ணன் சொல்லும் தெய்வச் செயல் என்ற வாதத்துக்கு அங்கே வலு உண்டு. ஆனால் மரம் பட்டுப்போயிருந்தாலோ விழும் நிலையில் இருந்தாலோ, அதைச் சொந்தக்காரர் அறிந்திருந்தாலோ அறிந்திருக்க வேண்டியவராக இருந்தாலோ, அதனால் விளையும் சேதத்துக்கு அவர் பொறுப்பு. தில்லியில் 1964இல் ஸ்கூட்டரில் சென்ற ஒருவர் மீது சாலையோர மரத்தின் கிளை விழுந்து அவர் உயிரிழந்த வழக்கில், மாநகராட்சிதான் இழப்பீடு தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1999இல் தீர்ப்பளித்தபோது இந்த அடிப்படையைத்தான் எடுத்துச் சொன்னது. விழுந்த நாளில் காற்று அடித்ததா என்பதைவிட, விழுமென்று தெரிந்த பிறகு சொந்தக்காரர் என்ன செய்தார் என்பதுதான் கேட்கப்படும்.

அந்த வகையில் உங்கள் வாட்ஸ்அப் செய்தியும், அவர் அதைப் பார்த்துப் பதில் எழுதியதும் உங்களுக்குப் பெரிய பிடிமானம். ஆனால் அதே பதில் அவருக்கும் ஒரு பிடிமானம் என்பதை மறக்க வேண்டாம். புயல் முடிந்த வாரத்தில் கடலூரில் மரம் அறுக்கும் ஆள் கிடைக்கவில்லை என்று ஒருவர் சொன்னால் எந்த நீதிபதியும் அதைப் பொய் என்று தள்ளமாட்டார். எட்டு நாளில் அவர் எத்தனை பேரைக் கேட்டார், கயிறு கட்டித் தாங்கலாவது கொடுத்தாரா, உங்களிடம் "வண்டியை வேறு இடத்தில் நிறுத்துங்கள்" என்றாவது சொன்னாரா என்பவை எல்லாம் எடைபோடப்படும். முழுத் தொகைக்கு வழக்குப் போட்டால் முழுத் தொகையும் கிடைக்கும் என்று நான் சொல்லமாட்டேன்.

விறகு விஷயத்தில் தவறு உங்கள் பக்கம்தான், சிறிய தவறு. அடிமரம் யார் நிலத்தில் நிற்கிறதோ மரம் அவருடையது. கிளை உங்கள் மனையில் விழுந்ததால் அது உங்களுடையதாகிவிடாது. எல்லையைத் தாண்டி வரும் கிளையை உங்கள் நிலத்தில் நின்றபடி எல்லைவரை வெட்டிக்கொள்ள உங்களுக்கு உரிமை உண்டு, ஆனால் வெட்டியதை வைத்துக்கொள்ள உரிமை இல்லை. அறுக்கும் முன் ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும். ஆனால் பன்னிரண்டாயிரம் என்பது கோபத்தில் வந்த கணக்கு. தாங்கள் விறகை எடுக்காவிட்டால் கூலி 7,000, எடுத்துக்கொண்டால் 4,500 என்று அறுத்தவர்களே விலை வைத்துவிட்டார்களே. ஆகவே அந்த விறகின் மதிப்பு 2,500. அறுப்புக் கூலி அவருடைய பொறுப்பு என்று நீங்கள் கேட்பதானால், 7,000 எழுதி 2,500 கழித்துக் காட்டுங்கள். கடைசித் தொகை மாறாது, ஆனால் அவர் விறகை நீங்கள் விழுங்கிவிட்டதாகச் சொல்ல இடமிருக்காது.

வழக்கு என்று போனால் இழப்பீட்டுக்கு மூன்று ஆண்டு கால வரம்பு இருக்கிறது, அவசரமில்லை. அதற்கு முன் ஒருமுறை மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் மனுக் கொடுங்கள். வழக்காகப் பதிவாகும் முன்பே மக்கள் நீதிமன்றத்தில் பேசித் தீர்க்கலாம். நீதிமன்றக் கட்டணம் கிடையாது. இருவரும் ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டால் 1987ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அது உரிமையியல் நீதிமன்றத் தீர்ப்பாணைக்குச் சமம், மேல்முறையீடும் இல்லை. 27,000 ரூபாய் தகராறுக்கு அதற்கு மேல் ஏறத் தேவையில்லை என்பது என் கருத்து.

பதில்: முதுநகர்வாசி
21 டிசம்பர் 2024

இவ்வளவு பேச்சு எதற்கு? காவல் நிலையத்தில் ஒரு புகார் எழுதிக் கொடுங்கள். அவரைக் கூப்பிட்டு உட்காரவைத்தால் மறுநாளே பணம் வந்துவிடும்.

பதில்: கெடிலக்கரை எழுத்தர்
21 டிசம்பர் 2024

வராது ஐயா. இதில் குற்றம் ஏதும் இல்லை. வேண்டுமென்றே சேதம் செய்தால்தான் அது குற்றவியலில் வரும். "இது சிவில் விஷயம்" என்று எழுதிக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். அதன் பிறகு அண்ணன் தன் பங்குக்கு, என் விறகைத் திருடினார் என்று ஒரு புகார் கொடுப்பார். இரண்டு காகிதம் சேர்ந்த பிறகு அந்தத் தெருவில் யாரும் யாரோடும் பேசமுடியாது.

நிற்கும் கிளைக்கு மட்டும் ஓர் அரசு வழி இருக்கிறது. விழும் நிலையில் உள்ள மரத்தால் அக்கம்பக்கத்தில் வசிப்பவருக்கோ வழிப்போக்கருக்கோ ஆபத்து என்றால், அதை அகற்றவோ முட்டுக் கொடுக்கவோ உத்தரவிடும் அதிகாரம் கோட்டாட்சியருக்கு உண்டு. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 133ஆம் பிரிவாக இருந்தது, 2024 ஜூலை முதல் நடப்பிலுள்ள புதிய சட்டத்தில் 152ஆம் பிரிவாக இருக்கிறது. அதில் இழப்பீடு கிடைக்காது, மரத்துக்கு மட்டுமே வழி பிறக்கும். அதையும் கடைசியில்தான் எடுக்க வேண்டும்.

பதில்: லாஸ்பேட்டை வாசி, புதுச்சேரி
22 டிசம்பர் 2024

நான் மரத்துக்குச் சொந்தக்காரர் என்ற இடத்தில் நின்றவன் என்பதால் அந்தப் பக்கத்து நியாயத்தையும் கொஞ்சம் சொல்ல அனுமதியுங்கள்.

2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் எங்களுக்கும் உங்களுக்கும் இடையில் கரை கடந்தபோது, என் வீட்டு மாமரம் வேரோடு சாய்ந்து அடுத்த வீட்டுக் குளியலறைக் கூரையை உடைத்தது. காலையில் அந்த வீட்டுக்காரர் வாசலில் வந்து நின்று முதலில் சொன்ன சொல், "எவ்வளவு ஆகும் என்று பார்த்துச் சொல்கிறேன்" என்பதுதான். எங்கள் வீட்டுக்குள்ளும் முழங்கால் தண்ணீர், சமையல் இல்லை, பிள்ளைகளுக்குக் காய்ச்சல். யாருக்காவது அடிபட்டதா என்று அவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. அன்று சட்டப்படி நான் பொறுப்பில்லை என்று தெரிந்துகொண்டு அதையே சொல்லிவிட்டேன். சொன்னது சரிதான், ஆனால் அதன் பிறகு ஆறு ஆண்டுகள் அவர்கள் வீட்டு விசேஷம் எதற்கும் எங்களுக்கு அழைப்பு வரவில்லை. இந்தமுறை ஃபெஞ்சலில் ஒரே நாளில் 46 செ.மீ. கொட்டியபோது எங்கள் தெருவில் விழாத மரம் எது என்று எண்ணுவதுதான் எளிதாக இருந்தது, அதனால் இப்போது இருவரும் சேர்ந்தே ஆள் பிடித்தோம்.

உங்கள் அண்ணனின் பேச்சில் எனக்குப் படுவது இதுதான்: அவர் பணத்துக்காகக் கோபப்படவில்லை. அவர் தாயார் விளக்கேற்றும் மரத்தின் கிளை கேட்பாரற்ற விறகாக வண்டியேறிப் போனதைத்தான் அவரால் பொறுக்க முடியவில்லை. பன்னிரண்டாயிரம் என்று வாயில் வந்ததற்கு அதுதான் காரணமாக இருக்க வேண்டும். பணப் பேச்சை எடுக்கும் முன் அந்த அம்மாவிடம் போய், கேட்காமல் எடுக்கவிட்டது எங்கள் தவறு என்று சொல்லிவிடுங்கள். உங்கள் வீட்டு அம்மாவோ மனைவியோ சென்றால் இன்னும் நல்லது.

பிறகு, பணத்தைப் பங்கு போடுவதைவிட வேலையைப் பங்கு போட்டுப் பாருங்கள். மதிலை அவர் தமக்குத் தெரிந்த கொத்தனாரை வைத்துக் கட்டிக்கொடுக்கட்டும், கொட்டகையை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். கையில் ரூபாய் எண்ணிக் கொடுப்பதில் இருக்கும் தோல்வி, சிமெண்ட் மூட்டை வாங்கிப் போடுவதில் இருப்பதில்லை. உங்கள் கொட்டகைத் தகடுகள் எத்தனை ஆண்டு பழையவை என்று நீங்கள் எழுதவில்லை. பத்தாண்டுத் தகட்டுக்குப் புதுத் தகட்டின் விலையைக் கேட்பதும் முறையாகாது.

இன்னொன்று. வீட்டுக் கடன் வாங்கியிருந்தால் உங்கள் ஆவணக் கட்டைத் தேடிப் பாருங்கள். 2021 ஏப்ரல் முதல் எல்லாப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களும் தரும் 'பாரத் கிருஹ ரக்ஷா' என்ற வீட்டுக் காப்பீட்டில் புயல், வெள்ளம் மட்டுமின்றி மரம் விழுந்து ஏற்படும் சேதமும் சேர்த்தி. கட்டடம் என்ற சொல்லுக்குள் சுற்று மதிலும் அடங்கும். கடன் கொடுக்கும்போதே இதற்கும் கையெழுத்து வாங்கியிருப்பார்கள், பலருக்கு அது நினைவிருப்பதில்லை.

பதில்: நெல்லிக்குப்பம் தோட்டத்தான்
22 டிசம்பர் 2024

சட்டம் பேசியவர்கள் பேசிவிட்டார்கள், மரத்தைப் பற்றி யாரும் பேசவில்லை.

காற்றில்லாத மழையில் கிளை விழுந்தது என்கிறீர்கள், அதில் வியப்பில்லை. புயலில் கவை பிளந்த கிளை, பாதி நாரில் தொங்கிக்கொண்டு நிற்கும். அடுத்த மழையில் இலையும் பட்டையும் நீர் ஏந்திக் கனம் கூடும்போது அந்த மீதி நாரும் விட்டுவிடும். ஆகவே புயல் காரணமா, கவனக்குறைவு காரணமா என்று கேட்டால், இரண்டும்தான் என்று முறிவே சொல்லும்.

அந்த முறிவைப் பார்த்தீர்களா? விறகு போய்விட்டாலும் அடிமரத்தில் காயம் அப்படியேதான் இருக்கும். மேலே ஏறவேண்டாம், மதிலோரம் ஏணி வைத்துப் பகல் வெளிச்சத்தில் கிட்டத்தில் படமெடுங்கள். நல்ல மரம் முறிந்தால் வெளிறிய சிவப்பில், ஈட்டி ஈட்டியாக நீண்ட சிம்பு நிற்கும். உள்ளே உளுத்திருந்தால் முறிவு மொட்டையாக, கறுத்தோ பழுப்பாகவோ, நகத்தால் கீறினால் உதிர்வதாக இருக்கும். கவையின் நடுவில் பட்டை உள்வாங்கி மடிந்திருந்தால், அந்த இரண்டு கிளைகளும் பிறந்ததிலிருந்தே ஒன்றோடொன்று ஒட்டவில்லை என்று பொருள். அப்படிப்பட்ட கவை வெளியே பார்க்க உறுதியாகத்தான் தெரியும், எவருக்கும் முன்கூட்டித் தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

ஒரு தவறான சான்றை மட்டும் நீட்டிவிடாதீர்கள். வேப்பமரத்தின் நுனிகள் தீய்ந்ததுபோல் காய்ந்திருந்தால் அதைக் காட்டி, மரம் செத்துக்கொண்டிருந்தது என்று பலர் வாதிடுகிறார்கள். சில ஆண்டுகளாக மழைக்காலத்தை ஒட்டித் தமிழ்நாடெங்கும் வேம்புக்கு நுனிக்கருகல் வருகிறது. ஒரு பூஞ்சையும் தேயிலைக்கொசு என்னும் பூச்சியும் சேர்ந்து செய்யும் வேலை அது. பெரும்பாலான மரங்கள் கோடையில் மீண்டும் தளிர்த்துவிடும். நுனி கருகுவதற்கும் கவை உளுப்பதற்கும் தொடர்பில்லை.

நிற்கும் கிளையை மொட்டையடிக்க விடாதீர்கள். மொட்டையடித்த வேம்பில் ஒரே இடத்தில் பத்துக் கிளை கிளம்பும், ஒன்றும் உறுதியாக ஒட்டாது, ஐந்து ஆண்டில் இதே தகராறு மறுபடி வரும். சாய்ந்த கிளையை மட்டும் மூன்று வெட்டில் இறக்கச் சொல்லுங்கள். கவையிலிருந்து ஒன்றரை அடி தள்ளி அடிப்பக்கம் கால்வாசி ஆழத்துக்கு முதல் வெட்டு. அதற்கும் சற்று வெளியே மேலிருந்து இரண்டாவது வெட்டு, அதில் கிளை கீழே வந்துவிடும். அடியில் வெட்டு இல்லாமல் மேலிருந்து மட்டும் அறுத்தால், விழும் கிளை அடிமரத்துப் பட்டையை முழ நீளத்துக்கு உரித்துக்கொண்டு போகும். மீதி நிற்கும் கட்டையை, கிளையின் அடியில் மோதிரம்போல் தடித்திருக்கும் வளையத்தை விட்டு அதற்கு வெளியே மூன்றாவதாக அறுக்க வேண்டும். அந்த வளையத்திலிருந்துதான் காயம் மூடும். எல்லாவற்றையும்விட, அறுக்கும் நேரத்தில் கம்பத்தில் மின்சாரத்தை நிறுத்தச் சொல்லுங்கள். மின்வாரியத்தின் மின்னகம் சேவை மையத்தில் 94987 94987 என்ற எண்ணில் முன்னதாகவே பதிவு செய்யலாம்.

பதில்: செம்மண்டலத்தான், கடலூர்
29 டிசம்பர் 2024

எல்லோருக்கும் நன்றி. நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

லாஸ்பேட்டை ஐயா சொன்னபடி முதலில் என் மனைவி அந்த அம்மாவைப் பார்க்கப் போனார். விறகைப் பற்றி அவர் எடுத்ததும், "எரிக்கத்தானே கொண்டுபோனார்கள், செங்கல் சூளைக்கா?" என்று அம்மா கேட்டிருக்கிறார். எங்களுக்குத் தெரியவில்லை என்று உண்மையைச் சொல்லியிருக்கிறார். அம்மா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, காபி கலந்து கொடுத்திருக்கிறார்.

மறுநாள் அண்ணனும் நானும் சேர்ந்தே ஏணி வைத்துக் காயத்தைப் பார்த்தோம். முறிவில் முக்கால் பாகம் கறுத்து, விரலால் தேய்த்தால் மாவாக உதிர்ந்தது. கீழ்விளிம்பில் மட்டும் இரண்டு விரல்கடை அகலத்துக்குச் சிவந்த சிம்பு நின்றது. அத்தனை பெரிய கிளையை அந்த இரண்டு விரல்கடைதான் பன்னிரண்டு நாள் தாங்கியிருக்கிறது. இது பல ஆண்டாக உள்ளே உளுத்தது, வெளியே பட்டை மூடியிருந்தது. புயலுக்கு முன் அவருக்கும் தெரிய வாய்ப்பில்லை, எனக்கும் தெரியவில்லை. பிளவு வாய் திறந்த பிறகுதான் இருவருக்கும் தெரிந்தது. அதைப் பார்த்ததும் அண்ணன், "நீ படம் அனுப்பிய அன்றே ஒரு கயிறாவது கட்டியிருக்கலாம்" என்றார். நானும், வெறும் படம் அனுப்பிவிட்டு எட்டு நாள் சும்மா இருந்ததை ஒப்புக்கொண்டேன்.

மதிலை அவர் கட்டித் தருகிறார். கொட்டகைத் தகடுகள் பதினொரு ஆண்டு பழையவை, அதனால் அந்தச் செலவும் அறுப்புக் கூலியும் என்னுடையவை. விறகுக் கணக்கை எழுத்தர் ஐயா போட்டபடியே ஒரு தாளில் எழுதிக் காட்டினேன்; வாங்கிப் பார்த்துவிட்டு மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார், ஒன்றும் சொல்லவில்லை. காப்பீடு எங்களிடம் இல்லை, தேடிப் பார்த்துவிட்டேன்.

சாய்ந்த கிளையை மார்கழியில் வெட்ட அம்மா சம்மதிக்கவில்லை. தை பிறந்ததும் ஒரு பூசை போட்டுவிட்டு இறக்கலாம் என்கிறார். அதுவரை அதை அடிமரத்தோடு இரண்டு இடத்தில் தடித்த நைலான் கயிற்றால் இழுத்துக் கட்டியிருக்கிறோம், ஸ்கூட்டர் தெருவில் நிற்கிறது. வெட்டும் கிளையின் விறகு முழுவதும் பொங்கல் பானைக்கு என்று அம்மா முன்கூட்டியே சொல்லிவிட்டார். பச்சை வேம்பு அவ்வளவு சீக்கிரம் எரியாதே என்று நான் வாயைத் திறக்கவில்லை.

பதில்: நெல்லிக்குப்பம் தோட்டத்தான்
29 டிசம்பர் 2024

கயிற்றைப் பட்டையில் நேரடியாக இறுக்கியிருந்தால் இடையில் பழைய சாக்கை மடித்து வையுங்கள், பட்டையை அறுத்துவிடும். வாரம் ஒருமுறையும், ஒவ்வொரு மழைக்குப் பிறகும் முடிச்சைப் பாருங்கள். நனைந்த நைலான் தளர்ந்துகொடுக்கும்.